கார் பிறக்கும் முன்பே பிறந்த டயர்

உங்களுக்குப் பயிற்சி கொடுத்திருப்பார்கள். திரையில் ஒரு காரின் படம் போட்டு, முன்சக்கரம் பின்னால் போக ஒரு அம்புக்குறி, பின்சக்கரம் முன்னால் வர ஒரு அம்புக்குறி, ஸ்டெப்னி வெளியே வர இன்னொரு அம்புக்குறி என்று காட்டியிருப்பார்கள். முடிவில் ஒரு சமோசாவும் டீயும் கொடுத்து அனுப்பியிருப்பார்கள். அந்த அம்புக்குறிகளை நான் குறை சொல்லவில்லை. ஒரு மதியத்தில் அதைக் கற்றுக்கொள்ளலாம். டயர் கடையில் சேர்ந்திருக்கும் உங்களுக்கு நான் சொல்ல வந்தது, அந்தப் படத்தில் இல்லாத ஆட்களைப் பற்றி.

முத்தியால்பேட்டைப் பக்கம் ஒரு டயர் கடையின் கவுன்டரில் உட்கார்ந்து தலை நரைத்து ஓய்வு பெற்றவள் நான். பெயர் பிலோமினா. உள்ளே நுழையும் ஆண்களில் பாதிப் பேர் என் தலைக்கு மேலாக எட்டிப் பார்த்து, "யாரும் இல்லயா?" என்று கேட்பார்கள். அவர்களுக்கு முன்னால் அறுபது கிலோ எடையில் நான் உட்கார்ந்திருப்பேன். ஆரம்பத்தில் கோபம் வந்தது. பிறகு அதுவே வசதியாகிவிட்டது. நான் அங்கே இல்லை என்று நினைத்துக்கொண்டு பேசுகிறவர்கள் எல்லாவற்றையும் பேசிவிடுவார்கள்.

இந்தத் தொழிலில் நீங்கள் அதிகமாகக் கேட்கப் போகும் கேள்வி, "இந்த டயர் எவ்வளவு கிலோமீட்டர் வரும்?" என்பதுதான். கேட்கிறவர் காற்று பார்த்து மூன்று மாதம் ஆகியிருக்கும். வேகத்தடை ஒவ்வொன்றிலும் தொம் தொம் என்று இறக்குவார். நடைபாதை விளிம்பில் உரசித்தான் நிறுத்துவார். ஆயுத பூஜை அன்று மட்டும் நாலு சக்கரத்துக்கும் சந்தனம், குங்குமம் வைத்து எலுமிச்சம்பழம் நசுக்குவார். அவருக்கு நாம் ஜோசியம் சொல்ல வேண்டும். "உங்க கால் எப்படி சார், பிரேக்க மிதிக்குமா, ஒதைக்குமா?" என்று நான் ஒருமுறை ஒரு வழக்கறிஞரைத் திருப்பிக் கேட்டேன். அவர் முதலாளியிடம் என்னைப் பற்றிப் புகார் சொல்லிவிட்டுப் போனார். அந்த டயர் என்ன ஆனதென்று எனக்குத் தெரியாது, அக்கறையும் இல்லை.

இதைவிடப் பெரிய மூடநம்பிக்கை ஒன்று உண்டு. பட்டன், அதாவது தரையில் படும் மேடு பள்ளம், தேயாமல் இருந்தால் டயர் புதிது என்பது. ஓடினால்தான் டயர் தேயும், ஓடாவிட்டால் அப்படியே இருக்கும் என்று பெரிய படிப்புப் படித்தவர்களும் நம்புகிறார்கள், படிக்காதவர்களும் நம்புகிறார்கள். ரப்பருக்கு வயது உண்டு. நம் ஊர் வெயிலில், இந்த உப்புக் காற்றில், ஒரே இடத்தில் நின்ற டயர் பக்கவாட்டில் மயிரிழையாக வெடிக்கும். உள்ளுக்குள் இறுகும். ஐந்தாறு வருடம் தாண்டிவிட்டால் பட்டன் எவ்வளவு இருந்தாலும் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்க்க வேண்டும். வயதைக் கண்டுபிடிக்க ஜாதகம் தேவையில்லை. டயரின் பக்கவாட்டிலேயே நாலு எண் அச்சடித்திருப்பார்கள். முதல் இரண்டும் எந்த வாரம், கடைசி இரண்டும் எந்த வருடம். அவ்வளவுதான். அதைப் படிக்கத் தெரிந்தால் போதும், தெரிந்ததாகக் காட்டிக்கொள்வதுதான் ஆபத்து. இனி நான் சொல்லப் போவது அந்த ஆபத்தைப் பற்றி.

பிரெஞ்சுக்காரர்கள் ஆண்டுவிட்டுப் போன இந்த ஊரில் மட்டும் ஒரு வகைக் கார் உண்டு. பிரான்ஸ் வண்டி என்போம். பிரான்சிலிருந்து வந்தது இல்லை, இங்கே வாங்கியதுதான். உரிமையாளர் பிரெஞ்சுக் குடியுரிமை பெற்ற நம் ஊர்க்காரர்; அவர் அங்கே இருப்பார், வண்டி இங்கே போர்வைக்குள் இருக்கும். குளிர்காலத்துக்கு இரண்டு மாதம் இங்கே வருவார். மீதிப் பத்து மாதமும் ஒரு தங்கையோ, மாப்பிள்ளையோ, சம்பளத்துக்கு ஒரு டிரைவரோ அதைக் காவல் காக்க வேண்டும். ஓட்டக் கூடாது, ஆனால் கெட்டுப்போகவும் கூடாது. டிசம்பர் பிறந்ததும் அந்த வண்டிகள் எல்லாம் வரிசையாக நம் கடைக்கு வரும். "பெர்முத்தாசியோன் பண்ணிடுங்க" என்பார்கள். சக்கரம் மாற்றிப் போடுவதற்கு அவர்கள் அங்கே சொல்லும் பெயர் அது. அங்கே வருடம் முழுக்க ஓடும் காருக்கு அதைச் செய்வார்கள், சரி. இங்கே வருடம் முழுக்க நின்ற காருக்கு எதற்கு? முன்னால் நின்ற சக்கரம் இனிப் பின்னால் நிற்கட்டும் என்றா? நான் கேட்டிருக்கிறேன். முதலாளி என்னை முறைத்திருக்கிறார். பில் போடுவது என் வேலை, போட்டேன்.

அப்படி ஒரு டிசம்பரில், கிறிஸ்துமஸுக்குச் சில நாள் இருக்கும்போது, அந்துவான் சார் வந்தார். பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து பென்ஷன் வாங்குகிற சொல்தா. கருவடிக்குப்பத்தில் மாடி வீடு. கீழ்வீட்டில் அவர் தங்கையும் தங்கை புருஷன் சூசையும் இருந்தார்கள். மில் மூடிய பிறகு சூசைக்கு நிலையான வேலை இல்லை. வீட்டையும் வண்டியையும் பார்த்துக்கொள்வதற்காக வாடகையில்லாமல் குடியிருக்க விட்டிருந்தார் அந்துவான். இதை அவரே கடையில் எல்லோருக்கும் கேட்கும்படி வருடா வருடம் சொல்வார். சூசை பக்கத்திலேயே நின்று கேட்டுக்கொண்டிருப்பார்.

மறுநாள் மகளோடு வேளாங்கண்ணிக்குப் போகப் போவதாகவும், அதற்குள் பெர்முத்தாசியோன் முடிய வேண்டும் என்றும் அந்துவான் சொன்னார். அந்த வருடம் அவர் புதிதாக ஒரு வித்தை கற்றுக்கொண்டு வந்திருந்தார். டயரில் எண் படிப்பது எப்படி என்று போனில் ஒரு வீடியோ பார்த்திருக்கிறார். ஐந்து நிமிட வீடியோ. கடைப் பையன்கள் சக்கரங்களைக் கழற்றித் தரையில் சாய்த்ததும், போனில் டார்ச் போட்டுக்கொண்டு ஒவ்வொன்றாகக் குனிந்து படித்தார். நாலாவது சக்கரத்தில் நிமிர்ந்தார்.

"மாப்ள, இங்க வா. இதுல இன்னா எழுதியிருக்குதுன்னு படி."

சூசை கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு படித்தார்.

"என் வண்டி எப்போ வாங்குனது?"

"இந்த நம்பருக்கு மூணு வருசம் கழிச்சி மச்சான்."

"அப்போ காரு பொறக்குறதுக்கு முன்னாடியே டயரு பொறந்துடுச்சா? என் டயரு எங்க? எவன் கிட்ட வித்துட்டு இந்தப் பழசப் போட்ட?"

"நான் எடுக்கல மச்சான்" என்று சூசை ஒரே ஒரு முறை சொன்னார். அதுவும் தரையைப் பார்த்துக்கொண்டு. பயந்த மனிதன் தரையைப் பார்ப்பான், திருடனும் தரையைப் பார்ப்பான். பார்க்கிறவன் எதை விரும்புகிறானோ அதை எடுத்துக்கொள்வான். அந்துவான் எடுத்துக்கொண்டார். கஸ்டமர்கள் ஐந்தாறு பேர் இருக்கும்போதே குரலை உயர்த்தினார்.

"சோறு போட்டு வூடும் குடுத்தேன். என் கூடப் பொறந்தவ கழுத்துல தாலி கட்டுனவன்னு பாத்தேன். பொங்கலுக்குள்ள கீழ்வூட்டக் காலி பண்ணிடு. தங்கச்சி கிட்ட நானே சொல்லிக்கறேன், ஏன்னு."

அந்த 'ஏன்னு' என்பதில்தான் சூசை உடைந்தார். வீடு போவது ஒரு பக்கம். இனி அவர் மனைவி திருடன் பெண்டாட்டியாக அண்ணன் முன்னால் நிற்க வேண்டும்.

நான் கவுன்டரை விட்டு எழுந்துபோய் அந்தச் சக்கரத்தைப் பார்த்தேன். எண்ணைப் பார்க்கவில்லை, அதைத்தான் அவர் பார்த்துவிட்டாரே. ரிம்மைப் பார்த்தேன். விளிம்பில் ஒரு கீறல், கீறலில் நீல பெயிண்ட் ஒட்டியிருந்தது. அந்த நீலத்தை எனக்குத் தெரியும். தவளக்குப்பத்தில் மதாம் என்று எல்லோரும் கூப்பிடும் ஒரு பிரான்ஸ் வண்டிக்கார அம்மாள் இருக்கிறார். அவர் வீட்டு கேட் குறுகல், நீல நிறம். அவர் வண்டியை உள்ளே ஏற்றும்போது எப்போதும் ஒரு சக்கரம் அதில் உரசும். அதே மாடல், அதே வெள்ளை நிறம், அதே கம்பெனி டயர். போன டிசம்பரில் இரண்டு வண்டிகளும் ஒரே நேரத்தில் நம் கடையில் ஜாக்கி மேல் நின்றன. ஸ்டெப்னியோடு சேர்த்துப் பத்துச் சக்கரங்களும் ஒரே தரையில் கிடந்தன. நின்ற இடத்திலேயே நிற்கப் போகும் பத்துச் சக்கரங்களுக்கு மும்முரமாக இடம் மாற்றியதில், ஒன்றுக்கு ஒன்று இந்த வண்டிக்கும் அந்த வண்டிக்கும் மாறிப் போயிருக்கிறது. அந்த வேலையைப் பார்த்த போர்மேனைத் திரும்பிப் பார்த்தேன். அவன் அவசரமாகக் காற்றுக் குழாயைச் சுருட்ட ஆரம்பித்தான். அவனுக்கும் புரிந்துவிட்டது.

முதலாளி என்னைக் கண்ணாடி அறைக்குள் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினார்.

"பிலோ, வாய மூடிக்கிட்டு உக்காரு. அது அவங்க குடும்பச் சண்ட. இங்க சக்கரம் மாறிப் போச்சுன்னு ஒரு பிரான்ஸ்காரருக்குத் தெரிஞ்சா, சர்ச்சுல பூசை முடிஞ்சி வெளிய வர்றதுக்குள்ள எல்லா பிரான்ஸ்காரருக்கும் தெரிஞ்சிடும். டிசம்பர் போச்சுன்னா நமக்கு இன்னா இருக்குது?"

"அவரு வூட்ட விட்டுப் போறாரு சார்."

"மச்சான் மாப்பிள்ளைக்குள்ள இன்னிக்கி அடிச்சிப்பாங்க, நாளைக்கி சேந்துப்பாங்க."

உங்களுக்கும் ஒருநாள் இந்தக் கண்ணாடி அறை வரும். அங்கே பேசப்படுவது எதுவும் முட்டாள்தனமாக இருக்காது. என் முதலாளி சொன்னதில் கணக்குப்படி எல்லாமே சரி. எனக்குப் பயமாகவும் இருந்தது, மறைக்க மாட்டேன். அந்த வயதில் இன்னொரு கடையில் எனக்கு யார் நாற்காலி போடுவார்கள்? ஆனால் கண்ணாடிக்கு வெளியே சூசை, கழற்றிப்போட்ட சக்கரங்களுக்கு நடுவில், எந்தப் பக்கம் நகர்வது என்று தெரியாமல் நின்றுகொண்டிருந்தார். அதைப் பார்த்துக்கொண்டு பில் போட என்னால் ஆகாது.

"நீங்க சொல்றீங்களா, நான் சொல்லட்டுமா?" என்றேன்.

முதலாளி ஏசி ரிமோட்டை எடுத்து அதில் எதையோ தேட ஆரம்பித்தார். சொல்லட்டும் என்று சொல்லவும் தைரியம் இல்லை, சொல்லாதே என்று திரும்பச் சொல்லவும் தைரியம் இல்லை. முதலாளிகளில் இந்த வகை உங்களுக்கு நிறையக் கிடைக்கும்.

வெளியே வந்து, எல்லோருக்கும் கேட்கும்படிச் சொன்னேன். சத்தமாகப் பழி சொன்ன இடத்தில் காதோடு காதாக உண்மை சொல்லிப் பிரயோஜனம் இல்லை.

"சார், உங்க மாப்பிள்ள டயர் எடுக்கல. போன வருசம் எங்க கடையிலதான் சக்கரம் மாறிப் போயிருக்குது. தப்பு எங்களது."

அந்துவான் என்னை மேலும் கீழும் பார்த்தார். "நீ அவனுக்கு இன்னா ஒறவு? எவ்ளோ குடுத்தான்?"

"திருடுறவரு மத்த நாலையும் உட்டுட்டு ஒண்ண மட்டும் ஏன் சார் திருடுறாரு? அதே ரிம்மு, அதே கம்பெனி, அதே சைசுல ஒரு பழசத் தேடிப் பிடிச்சி மாட்டுறதுக்கு, அவரு வேற வேலையே பாக்காம அலைஞ்சிருக்கணும். உங்க டயரு தவளக்குப்பத்துல ஒரு வூட்ல இருக்குது. வாங்க, காட்டுறேன்."

அவர் வரவில்லை. வெயிலாம். ஒரு மனிதனைத் திருடன் என்று சொல்ல வெயில் தடையாக இல்லை, அவன் திருடன் இல்லை என்று தெரிந்துகொள்ளத்தான் தடையாக இருந்தது. "நீங்க போயி எடுத்துனு வாங்க, பாக்கலாம்" என்று ஏசி அறையில் போய் உட்கார்ந்துகொண்டார். அந்தச் சக்கரத்தைக் கடையின் லோடு வண்டியில் போட்டுக்கொண்டு நானும் சூசையும் கிளம்பினோம்.

நீல கேட் திறந்திருந்தது. மதாம் ஊரில் இருந்தார். வண்டி போர்வைக்குள் புழுதி படிந்து, காற்று இறங்கிப்போய் நின்றது. போர்வையைத் தூக்கினோம். பின்பக்கம் இடது சக்கரத்தில், புது டயரில் நிற்குமே அந்த ரப்பர் முடி, அது அப்படியே நின்றது. அந்துவானின் ஸ்டெப்னியாகவே கிடந்து, கடையிலிருந்து இந்த வீடுவரை மட்டும் ஓடிய டயர் அது. எண்ணைப் படித்தேன். அவர் கார் வாங்கிய வருடம். சூசையும் குனிந்து படித்தார், இரண்டாம் முறையும் படித்தார். பிறகு அந்த டயர் மேல் கையை ஊன்றிக்கொண்டு குந்திவிட்டார். அழுதாரா என்று நான் பார்க்கவில்லை. வேறு பக்கம் திரும்பிக்கொண்டேன்.

இத்தோடு முடிந்திருந்தால் உங்களிடம் இதைச் சொல்லியிருக்கவே மாட்டேன். சக்கரத்தை மாற்றி மாட்டிவிட்டுத் திரும்பியிருப்போம். மதாமிடம் விஷயத்தைச் சொன்னதும் அவர் கையைத் தட்டினார்.

"மோன் தியே! கடவுளே, அதான் சமாச்சாரமா? நான் இன்னா இன்னாவோ நெனச்சிட்டேன். ரஹீமுதான் எதோ பண்ணிட்டான்னு அவன நிறுத்திட்டேனே."

"யாரு ரஹீம்?"

"வண்டி பாத்துக்கினு இருந்த டிரைவர். டயர மாத்துங்க மதாம், டயர மாத்துங்க மதாம்னு வருசக் கணக்கா தொல்ல. பட்டன் அப்படியே இருக்குது, எதுக்கு மாத்தணும்? நான் மாத்தல. போன வருசம் கிறிஸ்துமஸ் முடிஞ்சி பாத்தா, ஒரு டயர் மட்டும் புதுசா முடியோட நிக்குது. எனக்குத் தெரியாம வாடகைக்கு ஓட்டிப்போயி எங்கியோ வெடிச்சிருக்கான், பயந்துனு வேற ஒண்ணு வாங்கிப் போட்டுட்டான்னு நெனச்சேன். இல்லன்னு சத்தியம் பண்ணான். சத்தியம் யாரு பண்ண மாட்டா?"

அந்த வீட்டு வராந்தாவில் எனக்கு வந்த கோபம் இன்னும் தீரவில்லை. ஒரே நாளில், ஒரே கடையில், ஒரு சக்கரம் இடம் மாறியது. பழைய டயர் வந்த வீட்டில் காவல் காத்தவன் திருடன். புதிய டயர் வந்த வீட்டிலும் காவல் காத்தவன்தான் திருடன். டயர் எப்படி இருந்தாலும் இவர்களுக்கு முடிவு ஒன்றுதான். இதில் ரஹீம் ஒருவன்தான் அந்த டயர்களின் வயதைப் பற்றி வாய் திறந்து சொன்னவன். அதுவே அவனுக்கு எதிரான சாட்சியாகிவிட்டது.

நான் யோசித்தேன், உண்மையாகவே யோசித்தேன். வந்த வேலை முடிந்துவிட்டது. சூசை பிழைத்தார். முதலாளியை எதிர்த்துப் பேசியது ஒரு நாளைக்குப் போதும். இந்த ரஹீமை நான் பார்த்ததுகூட அரைகுறை ஞாபகம். அப்போதுதான் டயர் பக்கத்தில் குந்தியிருந்த சூசை எழுந்து நின்று கேட்டார்.

"அக்கா, அந்த ஆளு இப்போ எங்க இருப்பாரு?"

மதாம் சொன்னார்: "எங்கியாவது ஒரு வேல பாத்துனு இருப்பான். இந்த ஊர்ல யாரு பட்டினி கெடக்குறாங்க?"

"மதாம், அவரப் பத்தி நீங்க யார் கிட்டல்லாம் சொன்னீங்க?"

"எல்லார் கிட்டயும்தான் சொன்னேன். தெரிஞ்சவங்கள எச்சரிக்கணும் இல்ல?"

சூசை ஜாக்கியைப் போட்டுச் சக்கரங்களை மாற்றி மாட்டினார். பிறகு நாங்கள் ரஹீமைத் தேடிப் போனோம். தூரம் போக வேண்டியிருக்கவில்லை. தவளக்குப்பம் சந்திப்பிலேயே ஒரு தண்ணீர் கடையில், கேன்களை மூன்று சக்கர வண்டியில் ஏற்றிக்கொண்டிருந்தான். எச்சரிக்கப்பட்ட ஊரில் அவன் கையில் யாரும் கார் சாவியைக் கொடுக்கவில்லை. நடந்ததைச் சொன்னேன். ஒரு கேனைத் தோளில் வைத்தபடியே முழுவதையும் கேட்டான். இறக்கி வைக்கவில்லை.

"இதச் சொல்லச் சொல்லி மதாம் அனுப்பினாங்களா?"

"இல்லப்பா. நாங்களா வந்தோம்."

"அப்போ மதாமுக்கு நான் இன்னும் திருடன்தான் அக்கா." கேனை வண்டியில் வைத்தான். "என்ன உடுங்க. எம் பொண்ணு ஏழாவது படிக்குது. மதாம் தெருப் பசங்களும் அதே ஸ்கூல்தான். அவள டயரு, டயருன்னு கூப்புடறாங்க. அழுதுனு வந்து, 'நீ எடுத்தியா வாப்பா?'ன்னு கேட்டுச்சி. இல்லன்னேன். தலைய ஆட்டுச்சி. நம்புச்சான்னு எனக்குத் தெரியல."

வீட்டு அடையாளத்தைக் கேட்டுக்கொண்டு, அங்கே போய் இருக்கச் சொன்னேன். நான் திரும்ப நீல கேட்டுக்குப் போனேன். மதாமும் நானும் கத்தோலிக்கர்கள், அவர் பாஷை எனக்குத் தெரியும்.

"கிறிஸ்துமஸுக்கு முன்னாடி பாவசங்கீர்த்தனத்துக்குப் போவீங்க இல்ல மதாம்? இதச் சொல்லுவீங்களா?"

"நானா போயி யாருக்கும் கெடுதல் பண்ணல பிலோமின். தெரியாம நடந்தது."

"சாமியாருக்கு ரஹீமத் தெரியாது. அவரு மன்னிச்சி இன்னா ஆவப் போவுது? அந்தப் பொண்ணு வூடு ரெண்டு தெரு தள்ளித்தான் இருக்குது. செருப்ப மாட்டுங்க."

முகம் சிவந்து உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். சரி, அவ்வளவுதான் என்று நாங்கள் லோடு வண்டியில் ஏறினோம். வண்டி கிளம்பும் நேரத்தில் கேட் திறந்தது. கைப்பையும் குடையுமாக வெளியே வந்தார். ஓட்டுவதற்கு ஆள் இல்லாமல் ஒரு வருடமாக நிற்கும் தன் காரைத் தாண்டி வந்து, எங்கள் லோடு வண்டியின் முன் சீட்டில், க்ரீஸ் படிந்த துணியைத் தள்ளிவிட்டு உட்கார்ந்தார்.

மீதியைச் சொல்வதற்கு முன் அந்துவான் சாரை முடித்துவிடுகிறேன். அன்று மாலை அவர் ஸ்டெப்னியை அவர் முன்னால் போட்டோம். எண்ணைப் படித்தார். "அப்போ சரி" என்றார். அதுதான் அவர் மன்னிப்பு. பிறகு முதலாளியைப் பார்த்து, "உங்க தப்புதான, பில்லுல எதாவது கொறைங்க" என்றார். முதலாளி குறைத்தார். அந்த ஐந்து டயர்களும் ஆறு வயதைத் தாண்டியவை, நாலில் வெடிப்பு ஓடியிருந்தது, வேளாங்கண்ணிக்கு இவற்றில் போகக் கூடாது என்று நான் சொன்னதை அவர் காதில் வாங்கவில்லை. சூசைதான் காரின் சாவியை எடுத்து அவர் முன்னால் மேசையில் வைத்தார். "டயரு மாத்துனா நான் ஓட்டுறேன் மச்சான். இல்லன்னா நீங்களே ஓட்டினு போங்க. பாப்பாவ வெச்சினு இதுல நான் வர மாட்டேன்" என்றார். தன் வீட்டிலிருந்து துரத்தப் பார்த்த மனிதனின் மகளுக்காக அவர் அதைச் சொன்னார். அந்துவான் புது டயர் போட்டார். முணுமுணுத்துக்கொண்டேதான் போட்டார்.

இதிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டிய தொழில் பாடத்தையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். சக்கரத்தைக் கழற்றியதும் சாக்பீஸால் வண்டி எண்ணையும் இடத்தையும் அதன் மேல் எழுதுங்கள். மாட்டும்போது ரிம்மையும் டயரின் வருடத்தையும் ஒரு முறை பாருங்கள். எழுத எவ்வளவு நேரம் ஆகும்? மூக்கைச் சிந்தும் நேரம். அந்த நேரத்தை மிச்சப்படுத்தினான் எங்கள் போர்மேன். அவன் இப்போது சொந்தமாகக் கடை வைத்திருக்கிறான், பேட்டியெல்லாம் கொடுக்கிறான். சக்கரம் தவறிப் போனால் வண்டிக்காரர் உங்களிடம் வர மாட்டார். வீட்டில் யார் எளியவரோ அவரிடம்தான் போவார். உங்கள் கைக்கு அழுக்கு ஒட்டாமலேயே எல்லாம் நடந்து முடிந்திருக்கும்.

ரஹீம் வீடு ஒற்றை அறை. தண்ணீர் கேன் வண்டியை ஓரமாக விட்டுவிட்டு எங்களுக்கு முன்னால் அவனும் வந்து சேர்ந்திருந்தான். வாசல்படியில் அவன் மகள் பள்ளிச் சீருடையோடு உட்கார்ந்து எழுதிக்கொண்டிருந்தாள். லோடு வண்டியிலிருந்து மதாம் இறங்குவதைப் பார்த்ததும் பேனாவை மூடிவிட்டாள். எழுந்திருக்கவில்லை. பக்கத்து வீடுகளிலிருந்து இரண்டு மூன்று பெண்கள் எட்டிப் பார்த்தார்கள்.

மதாம் குடையை மடக்கினார். கைப்பையின் வாரை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றினார். வண்டியில் வரும்போது மனசுக்குள் எதையோ சொல்லிப் பார்த்துக்கொண்டே வந்தார், எனக்குத் தெரிந்தது. வாயைத் திறந்ததும் வேகமாக, மெல்லிய குரலில் வந்தது.

"பர்தோன், ரஹீம்."

அந்தப் பிரெஞ்சு மன்னிப்பு ரஹீமுக்குப் புரியும். பல வருடம் அந்த வீட்டில் வேலை பார்த்தவன். அவன் அசையவில்லை. கைகளைக் கட்டிக்கொண்டு மரியாதையாகத்தான் நின்றான்.

"தமிழ்ல சொல்லுங்க மதாம்" என்றான். "எம் பொண்ணுக்குப் பிரெஞ்சு தெரியாது."

மதாம் என்னைப் பார்த்தார். நான் உதவவில்லை. எட்டிப் பார்த்த பெண்களைப் பார்த்தார். கடைசியில் வேறு வழியில்லாமல் அந்தப் பெண்ணைப் பார்த்தார். அந்தப் பெண் கண் எடுக்காமல் அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"உங்க அப்பா திருடலம்மா" என்றார் மதாம். இன்னொரு முறை, சத்தமாகச் சொன்னார். "திருடல. நான்தான் தப்பாச் சொல்லிட்டேன். எல்லார் கிட்டயும் தப்பாச் சொல்லிட்டேன்."

அந்தப் பெண் திரும்பித் தன் அப்பாவைப் பார்த்தாள். வெகுநேரம் பார்த்தாள். பிறகு படியில் விரித்திருந்த புத்தகங்களை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, மதாம் உட்காரச் சற்று நகர்ந்து இடம் விட்டாள்.